ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: யார் கைக்குப் போகிறது, யார் கணக்குக் கேட்பது?

ஓபியாய்டு வகை வலிமருந்துகளை விற்ற அமெரிக்காவின் பர்டூ ஃபார்மா நிறுவனமும் அதன் உரிமையாளர்களான சாக்லர் குடும்பமும் 740 கோடி டாலர் கொடுக்கும் திட்டத்துக்கு நியூயார்க் திவால் நீதிமன்றம் 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் அடிமைநோயில் சிக்கியவர்களுக்கும் பணம் போகப்போகிறது என்றுதான் தோன்றும். ஒரு சிறு பங்கு அப்படிப் போகும் என்பது உண்மை. மீதி பெரும்பகுதி அரசுகளுக்கு. பர்டூவுக்கு முன்பே வேறு பல நிறுவனங்களுடன் முடிந்த ஒப்பந்தங்களையும் சேர்த்தால் மொத்தம் 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. 18 ஆண்டுகள் வரை தவணை தவணையாக வரப்போகும் இந்தப் பணத்தைச் செலவழிப்பவை மாநிலங்களும் கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) நகராட்சிகளும்தான்.

எதற்குச் செலவழிக்கலாம் என்று ஒப்பந்தங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எதற்குச் செலவழித்தோம் என்று மக்களுக்குச் சொல்லும் கடமையைப் பற்றி மிகக் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த விவகாரத்தில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டையில்தான் பிறக்கின்றன.

வழக்கு எங்கிருந்து வந்தது

அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளுக்கும், அதே மாதிரி வேலை செய்யும்படி ஆய்வகத்தில் தயாராகும் மருந்துகளுக்கும் ஓபியாய்டு என்று பெயர். மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், ஃபென்டனில் எல்லாம் இந்த வகை. வலியை அடக்குவதில் இவற்றுக்கு நிகர் குறைவு. ஆனால் உடல் எளிதில் பழகிவிடும். அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும்.

பர்டூ 1996-இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்து விற்றது. இப்படித் தவறான தகவல் கொடுத்ததை அதன் துணை நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 2020-இல் பர்டூ மறுபடியும் கூட்டாட்சிக் குற்றங்களை ஒப்புக்கொண்டது.

தயாரிப்பாளர் மட்டும் நினைத்து இவ்வளவு மாத்திரைகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்திருக்க முடியாது. மொத்த விநியோக நிறுவனங்கள், பெரிய மருந்துக்கடைத் தொடர்கள் எல்லாம் அந்தச் சங்கிலியில் இருந்தன. கூட்டாட்சி போதைத் தடுப்புத் துறையின் விநியோகக் கணக்கு 2019-இல் பொதுவெளிக்கு வந்தபோது, 2006 முதல் 2012 வரை 7,600 கோடி மாத்திரைகள் அமெரிக்கா முழுதும் போயிருந்தது தெரிந்தது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 400. அங்கிருந்த ஒரு மருந்துக்கடைக்கு மட்டும் இரண்டே ஆண்டுகளில் 90 லட்சத்தை ஒட்டிய மாத்திரைகள் இறங்கியிருக்கின்றன. இதைப் பார்த்த பிறகும் 'எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை' என்று ஒரு விநியோகஸ்தர் சொன்னால் யார் நம்புவார்கள்?

மருந்துச்சீட்டில் கட்டுப்பாடு இறுகியதும், ஏற்கெனவே பழகிப்போனவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். அப்புறம் கள்ளச்சந்தை ஃபென்டனில் வந்தது. 1999 முதல் 2023 வரை ஓபியாய்டு அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

ஏன் அரசுகள் வழக்குப் போட்டன

தனிநபர்கள் போட்ட வழக்குகளில், 'மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது நீங்கள்தானே' என்ற வாதம் நிறுவனங்களைக் காப்பாற்றிவந்தது. அரசின் மீது அந்தப் பழியைப் போட முடியாது. ஆம்புலன்ஸ், சிறை, அவசர சிகிச்சை, பெற்றோரை இழந்த குழந்தைகளின் பராமரிப்பு, பிணவறை என்று எல்லாச் செலவும் கவுன்டியின் தலையில் விழுந்திருந்தது. 'ஊர் முழுவதற்கும் பொதுத் தொல்லையை உண்டாக்கினீர்கள், அதைச் சரிசெய்யும் செலவைக் கொடுங்கள்' என்பதே அவர்கள் வழக்கின் சாரம்.

இப்படி நாடெங்கும் குவிந்த வழக்குகள் 2017 டிசம்பரில் ஒஹையோவின் கிளீவ்லாந்தில் நீதிபதி டான் போல்ஸ்டர் முன்பாக ஒன்றுசேர்க்கப்பட்டன. எண்ணிக்கை பின்னர் 3,000-ஐத் தாண்டியது. தீர்ப்பைவிட சமரசத்தையே அவர் ஆரம்பம் முதல் வலியுறுத்தினார். அதற்குக் காரணமும் இருந்தது. ஓக்லஹோமா மாநிலம் 2019-இல் ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு எதிராக வென்ற 46.5 கோடி டாலர் தீர்ப்பை, அந்த மாநில உச்ச நீதிமன்றமே 2021-இல் ரத்து செய்தது. வழக்கில் வென்றாலும் பணம் கைக்கு வரும் என்ற உறுதி கிடையாது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

பெரிய ஒப்பந்தங்கள் இவை:

1. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், இன்று சென்கோரா என்று பெயர் மாறியிருக்கும் அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று விநியோகஸ்தர்கள்: 2,100 கோடி டாலர், 18 ஆண்டுகளில்.
2. ஜான்சன் அண்ட் ஜான்சன்: 500 கோடி டாலர், அதிகபட்சம் 9 ஆண்டுகளில். இந்த இரண்டும் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்தவை.
3. மருந்துக்கடைகள்: வால்கிரீன்ஸ், சிவிஎஸ், வால்மார்ட் மூன்றும் சேர்ந்து சுமார் 1,380 கோடி டாலர்.
4. தயாரிப்பாளர்களான டெவா, அலர்கன்: இரண்டும் சேர்ந்து 660 கோடி டாலரை ஒட்டி.
5. பர்டூவும் சாக்லர் குடும்பமும்: 740 கோடி டாலர். இதற்கு முந்தைய திட்டம் சாக்லர் குடும்பத்துக்கு எதிர்கால வழக்குகளிலிருந்து முழுப் பாதுகாப்பு கொடுத்தது. அதனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 2024 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது.

பர்டூ திட்டத்தில் பாதிக்கப்பட்ட தனிநபர்களுக்கு 85 கோடி டாலருக்குச் சற்று மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு ஒப்பந்தங்களிலும் மருந்துக்கடை ஒப்பந்தங்களிலும் தனிநபருக்கென்று எதுவும் இல்லை. எனவே மகனை இழந்த ஒரு தாய்க்கு அந்த ஒப்பந்தங்களின் பணத்தில் ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால், அவருடைய கவுன்டி அதைச் சரியாகச் செலவழிப்பது ஒன்றே வழி. கண்காணிப்பு என்பதை நிர்வாக நடைமுறை என்று ஒதுக்கிவிட முடியாது என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம்.

புகையிலைப் பணம் விட்டுச்சென்ற பயம்

1998-இல் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் மதிப்பு 20,600 கோடி டாலர். அதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி நிபந்தனைகூட இல்லை. சாலை போட்டார்கள், பட்ஜெட் பள்ளத்தை நிரப்பினார்கள். வருங்காலத் தவணைகளை அடகு வைத்துக் கடன்பத்திரம் விற்ற மாநிலங்களும் உண்டு. புகைப்பழக்கத்தைத் தடுக்கவும் விடுவிக்கவும் செலவானது மிகச் சொற்பம்.

ஓபியாய்டு ஒப்பந்தங்களை எழுதியவர்களுக்கு இந்த வரலாறு நன்றாகத் தெரியும். அதனால்தான் செலவு நிபந்தனைகளை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதினார்கள்.

பணம் பிரியும் விதம்

விநியோகஸ்தர்கள், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஒப்பந்தங்களை வைத்தே இதைப் பார்க்கலாம். மற்றவையும் ஏறக்குறைய இதே அச்சுதான்.

1. மாநிலங்களுக்கு இடையே: மக்கள்தொகை, ஓபியாய்டு மரணங்கள், அடிமைநோய் உள்ளவர்களின் எண்ணிக்கை, அந்த மாநிலத்துக்குள் வந்த மருந்தின் அளவு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு மாநிலத்தின் பங்கு முடிவாகிறது.

2. அடிப்படைத் தொகையும் ஊக்கத் தொகையும்: ஒரு மாநிலம் கையெழுத்திட்டால் அடிப்படைத் தொகை உறுதி. ஏறத்தாழ பாதியை ஒட்டிய இன்னொரு பகுதி, அந்த மாநிலத்தின் நகரங்களும் கவுன்டிகளும் தங்கள் வழக்குகளைக் கைவிட்டு எவ்வளவு பேர் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 'ஒருமுறை கொடுத்தால் எல்லா வழக்கும் முடிய வேண்டும்' என்பதுதான் நிறுவனங்களின் குறி. அதனால் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான ஒவ்வொரு அட்டர்னி ஜெனரலும் தன் மாநிலத்தின் கவுன்டிகளோடு உட்கார்ந்து பேரம் பேச வேண்டியதாயிற்று.

3. மாநிலத்துக்குள்ளே: தனி உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால் 15 சதவீதம் மாநில அரசுக்கு, 15 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு, 70 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யும் நிவாரண நிதிக்கு என்பது ஒப்பந்தம் சொல்லும் கணக்கு. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் மேலே சொன்ன பேரத்தில் தங்கள் கணக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டன. வட கரோலினாவில் ஏறத்தாழ 85 சதவீதம் கவுன்டிகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. கொலராடோ மாநிலத்தை 19 வட்டாரங்களாகப் பிரித்து 60 சதவீதத்தை அவற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஒஹையோவில் 55 சதவீதம் ஒன்ஒஹையோ என்ற அறக்கட்டளைக்கு. லூசியானாவில் 20 சதவீதம் நேராக ஷெரிஃப்கள் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவர்களுக்கு.

ஐம்பது மாநிலங்களுக்கும் ஒரே விடை கிடையாது. பக்கத்து மாநிலத்தில் வாழும் நண்பர் 'எங்கள் ஊரில் இப்படித்தான்' என்று சொன்னால், உங்கள் ஊருக்கு அது பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

85-ம் 15-ம்

இதே ஒப்பந்தங்களின்படி, வரும் பணத்தில் குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்வதற்குப் போக வேண்டும். அதிலும் மொத்தத்தில் 70 சதவீதமாவது இனி நடக்கப்போகும் பணிகளுக்காக இருக்க வேண்டும். ஏற்கெனவே செய்த செலவை ஈடுகட்டிக்கொள்வதற்கு ஓரளவுக்குத்தான் இடம். மிச்சமுள்ள 15 சதவீதம் வேறு எதற்கும் போகலாம்.

எவையெல்லாம் 'சரிசெய்தல்' என்பதற்கு ஒரு பின்னிணைப்புப் பட்டியல் உண்டு. அளவு மீறியவரை மூச்சுக்குத் திருப்பும் நலோக்ஸோன் மருந்து. மெத்தடோன், பூப்ரெனார்பின் போன்ற மருந்துகளோடு தரும் சிகிச்சை. கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் உதவி. சிறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை. பயன்படுத்திய ஊசிக்குப் பதில் புதிய ஊசி கொடுக்கும் பரிமாற்றத் திட்டங்கள் எல்லாம் முதல் வரிசையில் இருக்கின்றன. அதன் பிறகு வரும் இரண்டாம் வரிசை மிக நீளமானது. காவல்துறை, பயிற்சி, ஆய்வு, திட்டமிடல் என்று அது விரிந்துகொண்டே போகிறது. மேலும், பட்டியலில் இல்லாத ஒன்றையும் பாதிப்பைச் சரிசெய்வதாகக் காட்ட முடிந்தால் செய்யலாம்.

சிகிச்சை மருந்துகளுக்கும் நலோக்ஸோனுக்கும் பலன் உண்டு என்பதற்குப் பல ஆண்டு ஆய்வுச் சான்று இருக்கிறது. அவற்றையும், பலன் நிரூபிக்கப்படாத ஒரு பள்ளி விழிப்புணர்வு நிகழ்ச்சியையும் இந்தப் பட்டியல் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. கலிஃபோர்னியா இதைக் கவனித்து, நிவாரண நிதியில் பாதியாவது 'அதிகப் பலன் தரும்' பணிகளுக்குப் போக வேண்டும் என்று தானே ஒரு விதி சேர்த்தது. இது நல்ல விதி. மற்ற மாநிலங்களும் செய்திருக்கலாம்.

ஓட்டை எங்கே

ஒப்பந்தப்படி, ஓபியாய்டுக்குத் தொடர்பில்லாமல் செலவழித்த பணத்தை, அதாவது அந்த 15 சதவீதத்தில் எடுத்ததை மட்டும்தான் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 85 சதவீதம் எங்கே போனது என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயத்தைத் தேசிய ஒப்பந்தம் விதிக்கவில்லை. 15 சதவீதத்துக்கான அறிவிப்பையும் அந்தந்த அரசே தன்னைப் பற்றித் தானே கொடுக்கிறது. தாங்கள் செய்த செலவு 'சரிசெய்தல்'தான் என்று ஒரு கவுன்டி தன்னளவில் முடிவு செய்துவிட்டால், அறிவிப்பதற்கே ஒன்றுமில்லை.

சரி, மீறினால் யார் தட்டிக்கேட்பது? பணம் கொடுத்த நிறுவனங்களுக்கு அதில் அக்கறை கிடையாது; வழக்கு முடிந்ததே அவர்களுக்குப் போதும். தவணையைப் பிரித்து அனுப்பும் நிர்வாகிக்குச் செலவைத் தணிக்கை செய்யும் வேலை இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அவரே அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர், பல இடங்களில் பணத்தில் ஒரு பங்கு அவர் அலுவலகத்துக்கும் போகிறது. ஆகவே கண்காணிப்பு என்று ஏதாவது இருந்தால் அது அந்தந்த மாநிலம் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டதுதான்.

கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸ் செய்தியாளர்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், அடிமைநோய்க்கு எதிராக இயங்கும் ஷட்டர்புரூஃப் அமைப்பு மூன்றும் சேர்ந்து 2022, 2023 ஆண்டுகளின் கணக்கைத் தேடித் தொகுத்தார்கள். வந்தது 600 கோடி டாலருக்கு மேல். செலவானதாகவோ ஒதுக்கியதாகவோ தெரிந்தது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. செலவாகாமல் இருப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு ஆண்டுப் பணத்தை அவசரமாகக் கொட்டுவதைவிட யோசித்துச் செலவழிப்பது நல்லது. ஆனால் இந்தக் கணக்கைத் தொகுப்பதற்கு வெளியாட்கள் ஆவணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நாடு முழுவதற்குமான இந்தக் கணக்கை எந்த அரசும் தானாக ஒரே இடத்தில் வைத்திருக்கவில்லை.

மூன்று மாநிலங்கள்

வட கரோலினா: ஒரு கவுன்டி இந்தப் பணத்தில் கைவைக்க வேண்டுமானால், எந்தப் பணிக்கு, எவ்வளவு என்று குறிப்பிட்டு அதன் ஆணையர்கள் பொதுக்கூட்டத்தில் தனித் தீர்மானம் போட வேண்டும். பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டறிக்கை பொது இணையதளத்தில் வரும். அதிகச் செலவில்லாத ஏற்பாடு இது. பெரும் தணிக்கைப் படை எதுவும் தேவையில்லை. உள்ளூர்ப் பத்திரிகையாளரோ மகனை இழந்த ஒரு தந்தையோ கேள்வி கேட்பதற்கு வேண்டிய தகவல் அங்கே கிடைக்கிறது.

பென்சில்வேனியா: இங்கே 13 பேர் கொண்ட ஒரு அறக்கட்டளைக் குழு கவுன்டிகளின் செலவைச் செய்த பிறகு பரிசீலிக்கிறது. விதிக்கு உட்படாததை நிராகரிக்கவும், அடுத்த தவணையைப் பிடித்துவைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. போதைப்பொருள் புழக்கத்தால் சிதைந்த கென்சிங்டன் பகுதியில் வீடு பழுதுபார்ப்பு, பூங்கா, பள்ளி மேம்பாடு, சிறுகடைகளுக்கு உதவி என்று ஃபிலடெல்ஃபியா நகரம் செலவழித்த 75 லட்சம் டாலரை அந்தக் குழு 2024-இல் ஏற்க மறுத்தது. போதைச்சந்தையால் அதிகம் அடிபட்ட மக்களுக்குத்தானே செய்தோம் என்று நகரம் வாதாடியது. நகரத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இந்தச் சண்டை பொதுவில் நடந்தது, இரு பக்கமும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பல மாநிலங்களில் இதே செலவு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

ஒஹையோ: ஒன்ஒஹையோ அறக்கட்டளை தனியார் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. தன் ஆவணங்களைப் பொதுமக்களுக்குக் காட்டத் தேவையில்லை என்று அது வாதிட்டது. ஹார்ம் ரிடக்ஷன் ஒஹையோ என்ற அமைப்பு வழக்குப் போட, மாநில உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் காட்டியே ஆக வேண்டும் என்றது. சில மாதங்களுக்குள் சட்டமன்றம் பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகி அறக்கட்டளைக்கு விலக்குக் கொடுத்தது. மாநிலத்துக்கு வரும் பணத்தில் பாதிக்கு மேல் கையாளும் அமைப்புக்கு இப்படிச் செய்தது மிகப் பெரிய தவறு என்பதே என் கருத்து.

சட்டத்துக்கு உட்பட்டும் வீணாகும் விதங்கள்

பணம் திசைமாறுவது என்றால் திருட்டு என்றே நினைத்துவிடுகிறோம். நடப்பது பெரும்பாலும் வேறு.

1. பதிலி வைப்பது. கவுன்டி ஏற்கெனவே தன் பட்ஜெட்டிலிருந்து கொடுத்துவந்த சம்பளத்தை இந்தப் பணத்துக்கு மாற்றுகிறார்கள். மிச்சமான பழைய பணம் வேறெங்கோ போகிறது. தாளில் 'சிகிச்சைப் பணியாளர் ஊதியம்' என்று இருக்கும். ஊரில் ஒரு பணியாளர்கூடக் கூடியிருக்க மாட்டார். ஊசிகளைப் பகிர்ந்ததால் 2015-இல் பெரிய எச்ஐவி பரவலைச் சந்தித்த இண்டியானாவின் ஸ்காட் கவுன்டி, தன் சுகாதார இயக்குநர், அவசர மருத்துவ ஊழியர்களின் சம்பளத்துக்கு இந்தப் பணத்தில் 2.5 லட்சம் டாலருக்கு மேல் எடுத்தது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் பதிலி வைப்பதைச் சட்டத்தில் தடுத்திருக்கின்றன.

2. கடன் அடைப்பது. டென்னஸியின் கிரீன் கவுன்டி 20 லட்சம் டாலருக்கு மேல் தன் பழைய கடனுக்குத் திருப்பியது.

3. தொடர்பை இழுத்து ஒட்டுவது. நியூஜெர்சியின் இர்விங்டன் நகராட்சி 2023-லும் 2024-லும் நடத்திய இரண்டு இசைக் கச்சேரிகளுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் இந்தப் பணத்தில் போனதாக மாநிலக் கணக்காயர் 2025-இல் அறிக்கை வெளியிட்டார். அவை விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் என்கிறது நகராட்சி.

இனி வரும் நெருக்கடி

தொகை பெரிதாகத் தெரிந்தாலும் தேவைக்கு முன் சிறியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 என்ற ஒரே ஆண்டில் ஓபியாய்டு அடிமைநோயாலும் மரணங்களாலும் ஏற்பட்ட பொருளாதாரச் சுமையை ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. தவணைகளும் முழுதாக வரும் என்று நம்பியிருக்க முடியாது. மாலின்க்ராட் என்ற தயாரிப்பாளர் 170 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. 2023-இல் இரண்டாம் முறை திவாலானபோது அதில் சுமார் 100 கோடி குறைந்துபோனது.

இதைவிடப் பெரிய அழுத்தம் மெடிகெய்ட் பக்கமிருந்து வருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கான அந்த அரசு மருத்துவக் காப்பீட்டில்தான், ஓபியாய்டு அடிமைநோய் உள்ள 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் மெடிகெய்ட் செலவைப் பெருமளவு வெட்டுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப மாநிலங்கள் தேடும் முதல் இடங்களில் ஒன்று, கையில் ஏற்கெனவே இருக்கும் இந்த இழப்பீட்டுப் பணம்.

நியூஜெர்சியில் அது தொடங்கிவிட்டது. கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தாவதற்கு முன்பே, 2025 ஜூன் பட்ஜெட்டில், 4.5 கோடி டாலர் ஓபியாய்டுப் பணத்தை நான்கு பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குத் திருப்பினார்கள். வரப்போகும் மெடிகெய்ட் வெட்டைத் தாங்குவதற்கு என்று காரணம் சொன்னார்கள். இந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று பரிந்துரைக்க மாநிலம் அமைத்திருந்த ஆலோசனைக் குழுவின் திட்டத்தில் அது இல்லை. மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே வெளிப்படையாக எதிர்த்தார். அப்படியும் பட்ஜெட் நிறைவேறியது.